ஈசானி மூலையில் ஒரு கழிப்பறை

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற ரோட்டில் நார்த்தாமலை விலக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆத்மநாதனின் பட்டறை. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் இரும்பு அறுக்கிற சத்தத்தில், பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வருகிறவன்கூட எழுந்து சீட்டைச் சரிபார்த்துக்கொள்வான்.

அங்கே கட்டடம் கட்டுவதில்லை, செய்கிறார்கள். இரும்புச் சட்டம் பற்றவைத்து, நடுவில் நுரை வைத்த தகடுகளைச் சுவராக நிறுத்தி, கதவு, சன்னல், வயர், பைப் எல்லாம் மாட்டி, அறையை அறையாகவே லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் கிரேன் வைத்து இறக்கி, பெட்டியோடு பெட்டியைச் சேர்த்து போல்ட் முடுக்கினால் கட்டடம். சுங்கச்சாவடி அறை, குவாரி ஆபீஸ், செங்கல் சூளைக்காரனின் மேனேஜர் ரூம் என்று சில்லறை வேலைகளாகச் செய்துகொண்டிருந்த ஆத்மநாதனுக்குத் திடீரென்று சவுதிப் பாலைவனத்திலிருந்து ஆர்டர் வந்ததென்றால், அதற்குக் காரணம் அவருடைய கெட்டிக்காரத்தனம் இல்லை. திலகவதியின் புருசன் உடையப்பன்.

உடையப்பன் அங்கே ஒரு தங்கச் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சுரங்க வாசலில் இருந்த காவல் கொட்டகை மணல்காற்றில் பிய்த்துக்கொண்டு போன சேதியைப் பொண்டாட்டியிடம் சொன்னான். பொண்டாட்டி இந்தப் பட்டறையில் படம் போடுகிறவள். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். அவள் ஆத்மநாதனிடம் சொன்னாள். அவர் யார் யாரையோ பிடித்து, மூன்று மாதம் போனில் தொங்கி, வேலையை வாங்கிவிட்டார். வேலை வந்த அன்றைக்குப் பட்டறைக்கே பிரியாணி போட்டார். திலகவதிக்கு மட்டும் இரண்டு முட்டை.

நான்கு பெட்டிகள். ஒவ்வொன்றும் நாற்பதடி நீளம், பத்தடி அகலம். சேர்த்து வைத்தால் வேலை முடிந்து வருகிற ஆட்கள் காத்திருக்க ஒரு கூடம், சோதனை அறை, காவலாளிகளுக்கு அறை, கேமரா பார்க்கிற அறை, நடுவில் ஒவ்வொரு ஆளாக மட்டும் விடுகிற சுற்றுக் கம்பிக்கதவு. கம்பெனி அனுப்பிய லிஸ்டில் கடைசிக்கு முந்தின வரி: கழிப்பறை, ஒன்று. எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. தண்ணீர் லாரியில் வருகிற இடமாதலால் ஒன்றுக்கு மேல் கூடாது என்று மட்டும் அடியில் கோடு போட்டிருந்தார்கள்.

மாசி மாதம். அப்போதே தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியவில்லை. வெல்டிங் ஆட்கள் தலையில் ஈரத் துண்டோடு வேலை பார்த்தார்கள். பதினொரு மணிக்குக் கம்மங்கூழ் வண்டி வந்தால் ஆளுக்கு இரண்டு சொம்பு குடித்துவிட்டு மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டே மறுபடி நெருப்பு முன்னால் போய் உட்காருவார்கள். படம் போடுகிற அறையில் மட்டும் ஏசி உண்டு. அது திலகவதிக்காக வைத்ததில்லை, கம்ப்யூட்டருக்காக.

வெள்ளிக்கிழமை சவுதியில் லீவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உடையப்பன் வீடியோவில் கூப்பிட்டான்.

"ஏ புள்ள, போட ஆரம்பிச்சிட்டியா?"

"போட்டுக்கிட்டுத்தாங்க இருக்கேன். நாளைக்கு மொதப் படம் குடுக்கணும். நீங்க சொல்லுங்க, வேல முடிஞ்சு வெளிய வர்றப்ப அங்க எப்புடி நடக்குது?"

"எப்புடி நடக்குது? பஸ்ஸுல கொண்டாந்து கேட்டுக்கு முன்னாடி எறக்கி விட்ருவான். எரநூறு பேரு. வருசையா நிக்கணும். சட்டையக் கழட்டு, பூட்ஸக் கழட்டு, வாயத் தொற, நாக்கத் தூக்கு. ஆளுக்கு அரை நிமிசம்னாலும் நீயே கணக்குப் போட்டுக்க."

"வெயில்லயா?"

"பின்ன, பந்தல் போட்டு மோரா ஊத்துறான்?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கக்கூஸு போடுறியா அதுல?"

"ஒண்ணு இருக்கு."

"எங்கிட்டு?"

"எங்கிட்டுன்னு சொல்லல. நான் வைக்கிறதுதான்."

"எங்க பக்கம் வையி திலகா."

"சரிங்க."

"சும்மா சரிங்காத. கேளு. எனக்கு முன்ன மாதிரி அடக்க முடியல. சுகருக்கு மாத்திர போட்டாலும் வந்துச்சுன்னா வந்துருது. வருசைய விட்டு வெளகக் கூடாதுங்கறான். வெளகுனா தங்கக் கல்ல ஒளிக்கப் போறான்னு அர்த்தமாம். ஆவூர்க்காரன் பிராங்க்ளின் செக்யூரிட்டில இருக்கான்ல, அவன் டூட்டின்னா தண்ணி லாரிக்குப் பின்னாடி ஒதுங்க விட்ருவான், நல்ல பய. மத்தவன் இருந்தான்னா பேண்ட்டுலதான்."

"ஆயிருச்சா?"

போனில் அவன் முகத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு சட்டை கொடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"போன மாசம்" என்றான். "ஆத்தாகிட்டச் சொல்லிப்புடாத. புள்ள காவ்யாவுக்கும் தெரியக் கூடாது."

டீக்கடைக்குப் போவதென்றாலும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டுகிறவன். கல்யாணமான புதிதில் வேட்டியில் குழம்பு சொட்டியதற்காக அரை நாள் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தவன். இருநூறு பேர் நடுவில் அவன் நனைந்து நின்றதை நினைத்ததும் திலகவதி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டாள். டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, முதல் வேலையாகக் கழிப்பறையை வைத்தாள். சுவரும் கதவும் அதற்குப் பிறகுதான்.

படம் நன்றாக வந்தது. கிழக்குப் பாதி ஆட்களுக்கு, மேற்குப் பாதி காவலுக்கு, நடுவில் கண்ணாடித் தடுப்பும் கம்பிக்கதவும். கூடத்தில் சுவரோரம் பெஞ்சு போட்டாள். கேட்காமலே குடிதண்ணீர்க் குழாய் ஒன்று வைத்தாள். தென்கிழக்கில் உள்ளே வரும் கதவு. வடகிழக்கு மூலையில், கூடத்தில் நிற்கிறவன் நாலு எட்டில் போகிற மாதிரி, கழிப்பறை. அதைப் போனில் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். "கேம்ப்பு முழுக்கக் காட்டிட்டேன். எம் பொண்டாட்டி போட்டதுன்னு சொன்னா ஒரு பய நம்ப மாட்டேங்கறான்" என்று பதில் வந்தது. கூடவே ஐந்தாறு சிரிக்கிற பொம்மைகள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆத்மநாதன் படத்தை மேசையில் விரித்தார். அவர் இன்ஜினியரிங் படித்தவரில்லை. ஆனால் நாலு மூலை பார்க்காமல் ஒரு தகடு அறுக்க விடமாட்டார். முதல் பட்டறை எரிந்துபோனது வெல்டிங் பொறி பஞ்சில் விழுந்ததால் அல்ல, அடுப்படி தப்பான மூலையில் இருந்ததால்தான் என்று யாரோ சொல்லி, அதிலிருந்து பிடித்த கிறுக்கு. சுங்கச்சாவடிக்கு நாலடி பெட்டி செய்தாலும் மனையடி பார்த்துத்தான் அளவு. விரலை நேராக வடகிழக்கு மூலைக்குக் கொண்டுபோனார்.

"ஏம்மா திலகவதி, என்னம்மா இது? ஈசானியில கக்கூஸக் கொண்டாந்து வச்சிருக்க?"

"அந்தப் பக்கந்தான் சார் ஆளுங்க இருப்பாங்க. ரெண்டு மணி நேரம் நிக்கிறாங்களாம்."

"நிக்கட்டும்மா. அதுக்குன்னு சாமி மூலையில போயி வைக்கிறதா? அக்னியில தள்ளு."

"அக்னியில வாசக்கதவு வருது சார். தண்ணி வேற ஆகாதும்பீங்க."

"அப்ப வாயு மூலை. மேக்கால கொண்டுபோயி வடமேக்குல வையி. அதுதான் கக்கூஸுக்குன்னே சொல்லியிருக்க எடம்."

"அது காவல்காரங்க பக்கம் சார். கம்பிக்கதவுக்கு அங்கிட்டு. ஆளுங்க போக முடியாது."

ஆத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வராது. கோபம் வருகிற முதலாளி எவ்வளவோ தேவலை.

"நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலம்மா. கம்பெனிக்காரன் எங்க வேணா வைக்கச் சொல்லிட்டான். நீ போட்டபடியே விடுறதுன்னாலும் விட்ருவோம். ஆனா ஒன் வீட்டுக்காரரு தெனம் ரெண்டு வேள போயி வர்ற கட்டடம் அது. ஈசானி கெட்டா ஆம்பளைக்கு ஆகாது. நாளைக்கு ஒண்ணுன்னா சார் அன்னிக்கே சொல்லலியேன்னு என்னையக் கேக்கக் கூடாது. வீட்டுல கலந்துக்க. திங்கக்கெழம சொல்லு."

கத்தியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாமியார் முத்துமாரியம்மாள் வாசலில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கருவாடு விற்கிற மீமிசல்காரி வாரம் ஒருமுறை கூடையோடு வருவாள். நெத்திலி என்றால் உடையப்பனுக்கு உயிர், அவன் இல்லாத வீட்டிலும் மாமியார் வாங்காமல் விடமாட்டாள். பூனை ஒன்று எட்டி உட்கார்ந்து அவள் கையையே பார்த்தது.

திலகவதி பட்டறையில் நடந்ததைச் சொன்னாள். வரிசையில் நடந்ததைச் சொல்லவில்லை. அதைச் சொல்லக் கூடாதென்று அவன் கேட்டிருக்கிறான். பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது?

முத்துமாரியம்மாள் கை நின்றுவிட்டது.

"ஈசானியிலயா வச்ச? ஏண்டி, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"அது யாரோ வீடா அத்தை? வெறும் கேட்டு. போற வர்ற எடம்."

"போறது வர்றது யாரு? ஏம் மகன். மேலத்தெரு தங்கமுத்து என்னானான்? கவருமெண்டு குடுக்குதுன்னு ஈசானியில கக்கூஸக் கட்டுனான். மூணே மாசம். பைபாஸ்ல லாரி ஏறிருச்சு."

"அவரு குடிச்சுப்புட்டு ரோட்டுல படுத்துக் கெடந்தாரு அத்தை."

"அதான், படுக்க வச்சது எது?"

இதற்குப் பதில் சொல்ல பாலிடெக்னிக்கில் சொல்லித் தரவில்லை.

"அவுகதான் அத்தை கேட்டாக. எங்க பக்கம் வையின்னு. நிக்க முடியலயாம்."

"கேப்பான். அவனுக்கு என்ன தெரியும்? பச்சப்புள்ளையா அவன்? ஆம்பள, ஒரு நேரம் அடக்க மாட்டானா? உசுரு இருந்தா எங்கிட்டாச்சும் ஒதுங்கிக்கலாம்டி. உசுரு போனா எங்க போயித் தேடுவ?" கருவாட்டுக் கையோடு நார்த்தாமலை திசை பார்த்துக் கும்பிட்டாள். "மாரியாத்தா, இவளுக்கு நல்ல புத்தியக் குடு."

திலகவதிக்கு மூலை முடுக்கில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் அன்று முழுக்க டம்பர் லாரி குழிக்குள் சரிகிற மாதிரியே கண்ணில் வந்தது. துணி துவைக்கும்போது வந்தது, காவ்யாவுக்குத் தலை பின்னும்போது வந்தது. நம்பிக்கை இல்லாதவர்களுக்குப் பயம் இருக்காது என்று யார் சொன்னது? நனைந்த பேண்ட்டைத் துவைத்துக்கொள்ளலாம், ஆளே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று அவள் மனசும் மாமியாரின் மாதிரியே பேச ஆரம்பித்துவிட்டது. அங்கேதான் அவள் தோற்றாள்.

திங்கட்கிழமை காலையில் கழிப்பறையைப் பிடித்து இழுத்து மேற்கே கொண்டுபோய் வடமேற்கில் வைத்தாள். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. எதை மாற்றினோம், எந்தத் தேதி, யார் மாற்றியது, எதற்காக என்று ஒவ்வொரு தடவையும் அதில் எழுத வேண்டும். அது வேலை முறை. மாற்றியவர் பெயரில் திலகவதி என்று அடித்தாள். காரணத்தில் ஈசானி என்று இங்கிலீஷில் எப்படி எழுதுவது? 'மேலான பயன்பாட்டுக்காக' என்று பொருள்வருகிற மாதிரி இரண்டு வார்த்தை அடித்தாள். கம்பெனி மறு வாரமே சம்மதம் சொல்லிவிட்டது. அவர்களுக்கு இது இன்னும் பிடித்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் கேட்டதற்கு, "கம்பெனிக்காரன் மாத்தச் சொல்லிட்டாங்க" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"செக்யூரிட்டி பக்கம்."

"சரி விடு, நீ என்ன பண்ணுவ" என்றான். அவன் திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள். இந்த ஆறுதலுக்குப் பிறகு வாய் வரவில்லை.

பங்குனியில் வேலை முடிந்தது. நான்கு பெட்டிகளும் வெள்ளைப் பெயின்ட் அடித்து முற்றத்தில் நின்றன. ஆத்மநாதன் ஒவ்வொன்றுக்கும் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தூத்துக்குடி துறைமுகத்துக்கு நான்கு ட்ரெய்லரில் ஏற்றினார். வெல்டிங் ஆட்கள் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். திலகவதியை நடுவில் நிற்க வைத்தார்கள். அந்தப் படத்தில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

சித்திரைக் கடைசியில் கட்டடம் போய்ச் சேர்ந்து நிறுத்தியாயிற்று என்று சேதி வந்தது. "எப்புடி இருக்கு?" என்று கேட்டதற்கு "நல்லாருக்கு" என்றான் உடையப்பன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் பேச்சு குறைந்தது. வீடியோவில் வருவதை நிறுத்திவிட்டான். நெட் சரியில்லை என்றான். காவ்யாவின் பரீட்சை மார்க்கைக் கேட்டான், ஆத்தாவின் முழங்கால் வலியைக் கேட்டான். இவளை ஒன்றும் கேட்கவில்லை.

ஆடியில் பிரசாந்த் லீவில் வந்தான். பக்கத்து ஊர். அதே சுரங்கத்தில் ஆள் வருகைப் பதிவு எடுக்கிற வேலை. உடையப்பனை அண்ணே என்று கூப்பிடுகிறவன். பேரீச்சம்பழப் பாக்கெட்டும் தைலமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். முத்துமாரியம்மாள் விடவில்லை.

"எளச்சுட்டானாடா? ஒழுங்காத் திங்கிறானா?"

"கொஞ்சம் எளச்சுட்டாரு பெரியம்மா. திங்கிறாரு. தண்ணிதான் குடிக்க மாட்டேங்கறாரு."

"ஏன்?"

பிரசாந்த் திலகவதியைப் பார்த்தான். "ஒண்ணும் சொல்லலியா அவரு?"

"நீ சொல்லு" என்றாள் திலகவதி.

"கட்டடம் நல்லாத்தான் மதினி இருக்கு. குத்தம் சொல்ல முடியாது. உள்ள ஏசி. அம்பது அம்பது பேரா உள்ள விட்டுப் பின்னாடி கதவப் பூட்டிக்கிருவான். எல்லாரையும் சோதிச்சு முடிக்கிற வரைக்கும் தொறக்காது. நாலு மூலையிலயும் கேமரா. முன்னாடின்னா வெட்டவெளி. பிராங்க்ளின் மாதிரி ஆளு இருந்தா லாரிக்குப் பின்னாடி ஒதுங்கலாம். இப்ப அவனே நெனச்சாலும் விட முடியாது. வெயில்ல வேல பாத்துட்டு வந்து ஏசியில நின்னா இன்னும் சாஸ்தியா வருது மதினி. எங்களுக்கே முடியல. அண்ணனுக்குச் சுகரு வேற."

"கக்கூஸு இருக்கே" என்றாள் முத்துமாரியம்மாள்.

"இருக்கு பெரியம்மா. கண்ணாடிக்கு அங்கிட்டு. கதவுல ஆம்பளப் படம் ஒட்டியிருக்கும். செக்யூரிட்டி போறது வர்றது எல்லாம் நல்லாத் தெரியும். நாங்க பாத்துக்கிட்டே நிக்கலாம்."

"என்னடா ஆச்சு அவனுக்கு?"

பிரசாந்துக்கு அதற்கு மேல் மறைக்கத் தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மூணு தடவ ஆயிருச்சு. வெள்ளத் தரை பாருங்க, டக்குனு தெரிஞ்சுருது. மூணாந் தடவ சூப்பர்வைசரு தொடைக்கிற மாப்பு குடுக்கல. அண்ணே சட்டையக் கழட்டித் தொடச்சாரு. சும்மா இருக்கானுங்களா நம்ம பயலுக? 'ஒன் பொண்டாட்டி கட்டுன வீடுதான, நீயே கழுவு'ன்னு ஒருத்தன் சொல்ல, அம்பது பேரும் சிரிச்சானுங்க. அண்ணந்தான மொதல்ல படத்தக் காட்டிக் காட்டி, நமக்குக் கக்கூஸு வருதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. நானும் சிரிச்சேன் மதினி. பொய் சொல்லக் கூடாது."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"கம்பெனிக்காரன் மாத்திட்டான்னு அண்ணே எல்லார்கிட்டயும் சொன்னாரு" என்றான் பிரசாந்த். "ஆனா காவல் ரூமுல அந்தப் படத்த ஒட்டி வச்சிருக்கான். ஓரத்துல கட்டம் இருக்குல்ல, அதுல மாத்துனது கம்பெனின்னு இல்ல, திலகவதின்னு போட்டிருக்கறத பிராங்க்ளின் பாத்துட்டு, தமிழ்ப் பேரா இருக்கேன்னு எங்ககிட்ட வந்து படிச்சுச் சொன்னான். அவன் வெவரம் தெரியாமச் சொன்னான் மதினி. அண்ணே பக்கத்துலதான் நின்னாரு."

முத்துமாரியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"போகட்டும்டா. வாயு மூலையில இருக்குல்ல. உசுருக்கு ஒண்ணும் வராது. அவமானம் இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போயிரும்."

"வாயு மூலையா?" பிரசாந்த் யோசித்தான். "இல்லியே பெரியம்மா. காலையில ஷிப்டுக்குப் போறப்ப சூரியன் அந்தக் கக்கூஸு மூலையிலதான கெளம்புது. வெயில் காலத்துல நேரா அதுக்குப் பின்னாடிதான். கண்ணு கூசும்."

திலகவதிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. படத்தில் மேல்பக்கம் வடக்கு என்பது அவள் வைத்துக்கொண்டது. அங்கே ரோடு போகிற போக்குக்கு ஏற்றபடி கிரேன்காரன் நாலு பெட்டியையும் ஒரு கால் சுற்றுத் திருப்பி நிறுத்தியிருக்கிறான். காகிதத்து வடக்கு அங்கே கிழக்கு. காகிதத்து வாயு மூலை அங்கே வடகிழக்கு. அவள் முதலில் போட்டபடி விட்டிருந்தால் ஈசானியில் வந்திருக்காது, ஆட்கள் பக்கமும் இருந்திருக்கும். பத்து வருசமாகப் படம் போடுகிறவள். ரோடு எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

"என்னடி சொல்றான் இவன்?" என்றாள் மாமியார்.

"ஈசானியிலதான் அத்தை இருக்கு."

முத்துமாரியம்மாள் முழங்காலில் கையை ஊன்றினாள். பிறகு எழுந்தாள்.

"படிச்சவ நீ. எனக்கு என்னத்தத் தெரியும்? நான் ஒண்ணு சொன்னா நீ அப்புடியே செஞ்சுருவியா? இத்தன வருசத்துல நான் சொன்ன எதக் கேட்டுருக்க, இத மட்டும் கேக்குறதுக்கு?"

கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

பிரசாந்தை வழியனுப்ப வண்டி வரைக்கும் போனாள். அவன் சாவியைப் போட்டுவிட்டுக் கிளப்பாமல் நின்றான்.

"திரும்பப் போறப்ப அண்ணே ஒரு சாமான் வாங்கியாறச் சொன்னாரு. அங்க கேம்ப்புக் கடையில வாங்குனா எல்லாருக்கும் தெரிஞ்சிருமாம். நான் கேட்டா கடையில ஒரு மாதிரி பாப்பாங்க. நீங்க வாங்கிக் குடுத்துருங்க மதினி. பெரியாளுக்கு மாட்டுற டயப்பர். எவ்வளவு கொண்டுபோக முடியுமோ அவ்வளவு."

அந்த வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள்.

"பிரசாந்த்து வந்தானா?" என்றான் உடையப்பன்.

"வந்தான்."

"சொன்னானா?"

"சொன்னான்."

"கம்பெனிக்காரன் மாத்தச் சொன்னான்னு சொன்னியே திலகா."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஈசானி, ஆத்மநாதன், அத்தை, தங்கமுத்து, லாரி சரிகிற மாதிரி கண்ணில் வந்தது. "நீங்க நல்லா இருக்கணும்னுதாங்க" என்று முடித்தாள். அந்தப் பக்கம் அவன் சிரித்தான். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்க, நெடுநேரம்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றான். போன் அடங்கிவிட்டது.

சனிக்கிழமை பட்டறையில் லட்டுப் பெட்டி சுற்றி வந்தது. ஆத்மநாதன் முகத்தில் அப்படி ஒரு களை.

"பாத்தியாம்மா? இன்னும் மூணு கட்டடம். வேற வேற சுரங்கத்துக்கு. அதே டிசைன். ஒரு ஆளு கூட வருசையை விட்டு நகர முடியலயாம், சோதனை பாதி நேரத்துல முடியுதாம், அப்புடி எழுதியிருக்கான். மூலை பாத்துச் செஞ்சது வீண் போகுமா?"

"சார், இந்தத் தடவ கழிப்பறைய ஆளுங்க பக்கம் மாத்திக்கிறேன் சார்."

"மாத்துறதா? அப்ரூவல் ஆன படத்துல கை வைக்காத. மறுபடி மொதல்லேருந்து இழுப்பான்."

"அங்க திருப்பி வச்சிட்டாங்க சார். நம்ம வாயு மூலை அங்க ஈசானியாப் போச்சு."

ஆத்மநாதன் லட்டை மென்று முடித்தார்.

"அவன் தப்பா வச்சா அது அவன் பாவம்மா. நம்ம பேப்பர்ல சரியா இருக்கு. எடுத்துக்க, இன்னொண்ணு எடுத்துக்க. ஒன் மாமியாருக்கும் குடு."

வேலையை விட்டுவிடலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. தோன்றியதோடு சரி. உள்ளே போய் உட்கார்ந்து படத்தைத் திறந்து மூன்று பிரதி எடுத்து, மூன்று சுரங்கத்தின் பெயரையும் தனித்தனியாக அடித்தாள். மூலைக் கட்டத்தில் அவள் பெயர் அப்படியே வந்தது. அதை அழிக்கவும் முறை இல்லை.

சாயங்காலம் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். தெரிந்த கடையைத் தாண்டி, யாருக்கும் தெரியாத ஒரு மருந்துக்கடையாகப் பார்த்து நுழைந்தாள். கல்லாவில் ரஞ்சிதா என்று பேட்ஜ் குத்திய பெண் இருந்தாள். கேட்டதும் கூச்சமே இல்லாமல் மேல் தட்டிலிருந்து இரண்டு பாக்கெட்டை எடுத்துப் போட்டாள்.

"எந்த சைஸுக்கா? மீடியமா, லார்ஜா? இடுப்பு எத்தன இன்ச்சு?"

திலகவதிக்குத் தெரியவில்லை. அவன் போய் இரண்டு வருசம் முடிந்துவிட்டது. மெலிந்துவிட்டான் என்று பிரசாந்த் சொன்னான், எவ்வளவு என்று சொல்லவில்லை. போனை எடுத்தாள். எடுத்த கையோடு உள்ளே வைத்துவிட்டாள்.

"ரெண்டுலயும் குடும்மா. இன்னும் ஆறு பாக்கெட் வேணும்."

ரஞ்சிதா ஏணியில் ஏறிக்கொண்டே கேட்டாள். "யாருக்குக்கா, மாமியாருக்கா?"

"இல்ல. வீட்டுக்காரருக்கு."

"அய்யோ பாவம். எத்தன வயசு?"

"நாப்பத்தி மூணு."

"வாதமாக்கா? படுத்த படுக்கையா, இல்ல எந்திரிச்சு நடமாடுவாரா?"

"நடமாடுவாரு" என்றாள் திலகவதி. "வேலைக்குப் போறாரு."